காதக்காவின் காதுக் கொப்புளம்

எங்கள் தொழிற்சாலையில் வாஷ்பேசின் செய்கிறோம். மண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றி, காயவைத்து, மேலே கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சைப் பூசி, சூளையில் சுட்டு எடுத்தால் வெள்ளை வெளேரென்று வந்து நிற்கும். வந்து நிற்பதெல்லாம் வாஷ்பேசின் ஆகிவிடாது. என் மனைவி தட்டிப் பார்த்து "சரி" என்று சொல்ல வேண்டும். அவள் சொன்ன பிறகுதான் நான் அதை அட்டைப்பெட்டிக்குள் இறக்கி, டேப் ஒட்டுவேன். "வீட்டுலயும் அவங்க உத்தரவு, வேலையிலயும் அவங்க உத்தரவா?" என்று பேக்கிங் பிரிவில் என்னைக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. செய்துவிட்டுப் போகட்டும். உத்தரவு சரியாக இருந்தால் கேட்பதில் எனக்கு என்ன நஷ்டம்?

அவள் வேலை செய்வதை நீங்கள் பார்க்க வேண்டும். பேசினுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, வலது காதைக் கிட்டே கொண்டு போவாள். கையில் ஒரு குட்டி மரச் சுத்தியல். ஒரு தட்டு. "டிங்" என்று கேட்டால் நல்லது. "டொக்" என்று கேட்டால் உள்ளே எங்கோ விரிசல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. சிவப்புச் சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிவிடுவாள். குறி விழுந்த பேசினை வாரக் கடைசியில் பின்முற்றத்தில் வைத்து உடைத்துவிடுவோம். உடைந்த துண்டு அரைபட்டு மறுபடி மண்ணோடு மண்ணாகச் சேரும்.

முதலில் அவள் அச்சு கழுவுகிற பிரிவில்தான் இருந்தாள். ஒருநாள் நாங்கள் பேசின்களை இறக்கிவைத்துக்கொண்டிருந்தபோது, வாளியோடு கடந்து போனவள், "அது விரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். சூப்பர்வைசர் சிரித்தார். மறுநாள் அந்த பேசின் ஒழுகியது. அதோடு அவள் வாளியும் போயிற்று, சூப்பர்வைசரின் சிரிப்பும் போயிற்று. அன்றிலிருந்து அவள் காதக்கா. அவளைவிட வயதில் பெரியவர்கள்கூட காதக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கோபம் வந்தால் நானும்.

வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. தர்பூசணியைத் தட்டுவாள், பானையைத் தட்டுவாள், வீட்டுக்காரர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வாடகையை ஏற்ற வந்தபோது சுவரையே தட்டிக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பினாள். ஒருமுறை எனக்கு நெஞ்சுச் சளி. என் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க, உள்ள ஒண்ணுமே இல்ல" என்றாள். ஆறுதலா, அவமானமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு ஒரே தம்பி. என் மச்சினன். அவர்கள் அம்மா ஷிப்டுக்குப் போய்விடுவார் என்பதால் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தது இவள்தான். சூளைக்குள் பேசின் அடுக்குகிற வேலையில் சேர்ந்து, வெக்கையில் வெந்து, படிப்படியாக மேலே வந்தவன். பழைய சூளைத் தலைவர் ஓய்வு கேட்டபோது மேனேஜர் அவனைக் கூப்பிட்டு, "ஒரு சூளை நீயே சுட்டு எடு. நல்லா வந்தா நீதான் தலை" என்றார். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கு அதைவிட.

பாவம், அந்த வாரம் பார்த்து அவனுக்கு ஜலதோஷம். சூளை எரிகிறது, இவன் மூக்கு ஒழுகுகிறது. லீவு போடச் சொன்னால் கேட்கிற ஆளா? சூளை வாயிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். இவள் இடைவேளை விடும்போதெல்லாம் பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு போவாள். அக்காவும் தம்பியும் சின்ன வயதிலிருந்தே ஒரே டம்ளரில் குடிக்கிற ஜாதி. அவன் ஒரு வாய், இவள் ஒரு வாய், நடுவில் அவன் ஒரு தும்மல். நான் அதைப் பார்த்தேன். பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

சூளை ஆறுவதற்குள் அவளுக்கும் சளி பிடித்துவிட்டது. சூளையைத் திறக்கிற அன்று காலையில் வலது காதைக் கையால் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லங்க. லேசா குத்துது."

"லீவு போடேன்."

"இன்னைக்கா? என் தம்பி சூளையை வேற எவளோ தட்டறதா?"

தலையைச் சுற்றி ஒரு சால்வையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அன்று வேலையை விட்டுவிட்டு எல்லோரும் வந்து நின்றார்கள். பேசின்கள் ஒன்றையொன்று தூக்கிச் சாப்பிடுகிற அழகில் வரிசையாக நின்றன. மச்சினன் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு வந்திருந்தான். அவள் முக்காலியில் உட்கார்ந்து முதல் பேசினைத் தட்டினாள். இன்னொரு தரம் தட்டினாள். சாக்குக்கட்டியை எடுத்துக் குறி போட்டாள். அடுத்ததற்கும் குறி. அதற்கடுத்ததற்கும். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சூளையில் பாதியைத் தாண்டும்போது மூன்றே மூன்று பேசின்தான் பிழைத்திருந்தது. முடிக்கும்போதும் அதே மூன்றுதான்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னாள்: ஒவ்வொன்றையும் தட்டும்போது "இது நல்லாத்தானே இருக்கும்" என்று மனசு கெஞ்சியதாம். தம்பி என்பதால் மனசு சாய்கிறது, சாயவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு குறியை இன்னும் அழுத்திப் போட்டாளாம். நேர்மை என்பதும் சில நேரம் ஆளைக் கவிழ்த்துவிடும்.

"பார்த்தீங்களா, சொந்தத் தம்பின்னும் பாக்கல. அதான் காதக்கா!" என்று பின்னாலிருந்து ஒருவர் மெச்சினார். அவர் வாயைப் பெட்டிக்குள் போட்டு டேப் ஒட்டலாமா என்று இருந்தது எனக்கு.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதற்கும் காரணம் கண்டுபிடிக்காமல் தூங்க மாட்டார்கள். ஒரு பேசின் கெட்டால் ஆளாளுக்கு ஒரு நீதிமன்றம் கூட்டிவிடுவார்கள். "மண்ணுல ஈரம் போகல." "சூட்டை ஏத்துறதுல அவசரம்." "ஆறுறதுக்கு முன்னாடி கதவைத் திறந்திருப்பான்." கடைசிக் காரணம்தான் எல்லோருக்கும் பிடித்தது. சின்னப் பையன், ஆசைப்பட்டு முன்னாலேயே திறந்திருப்பான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேனேஜர், "பரவாயில்லப்பா, இன்னும் ரெண்டு மூணு வருஷம் போகட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உடைச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு அறையில் அவள் கையிலிருந்து கரண்டி விழுந்தது. காதைப் பிடித்துக்கொண்டு மேஜை மேல் கவிழ்ந்துவிட்டாள். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். எத்தனை நாள் அடக்கிவைத்த வலியோ!

உடனே நீதிமன்றம் கூடிவிட்டது. "காதுக்குள்ள பூச்சி போயிருக்கும்." "தலைக்குக் குளிச்சப்போ தண்ணி போயிருக்கும்." "கொண்டை ஊசியால குடைஞ்சீங்களா அக்கா?" "ஐஸ் தண்ணி குடிச்சிருப்பாங்க." "அட, சொந்தத் தம்பி வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டா காது வலிக்காம காலா வலிக்கும்?" இதைச் சொன்னவர் கிளேஸ் அடிக்கிறவர். இன்னொருவர் சூடு பண்ணிய எண்ணெயோடு சமையல் கட்டிலிருந்து ஓடியே வந்துவிட்டார். நான் கத்திய கத்தலில் எண்ணெய்க் கிண்ணம் வந்த வழியே திரும்பியது. அரைநாள் லீவு சொல்லிவிட்டு, ஸ்கூட்டரில் அவளை ஏற்றிக் காது டாக்டரிடம் பறந்தேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பேனா மாதிரி ஒரு கருவியைக் காதுக்குள் லேசாக விட்டார். பக்கத்தில் இருந்த திரையில் செவிப்பறை பெரிதாகத் தெரிந்தது. செக்கச் செவேலென்று இருந்தது. அதன் மேல் மூன்று குமிழ், தண்ணீர் கோத்துப் பளபளவென்று.

நானும் அவளும் ஒரே நேரத்தில், "கிளேஸ் கொப்புளம்!" என்றோம்.

"என்னது?" என்றார் டாக்டர்.

"பேசின்ல இப்படித்தான் வரும் டாக்டரம்மா," என்றாள் அவள், வலியிலும் ஆர்வமாக. "சூடு ஒத்துக்கலன்னா கிளேஸ் பொங்கிக் குமிழ் விடும்."

"இது சூட்டுனால வந்தது இல்லம்மா. செவிப்பறை அழற்சி. சவ்வு வீங்கி அது மேல நீர்க் கொப்புளம் வந்திருக்கு. செவிப்பறையில நரம்பு ஜாஸ்தி. அதான் உயிர் போற மாதிரி வலிக்குது."

எனக்கு உடனே காரணம் வேண்டும். நானும் அதே தொழிற்சாலை ஆள்தானே. "கொண்டை ஊசியாலயா டாக்டர்?"

"ஊசியால குடைஞ்சா கீறல் இருக்கும். இங்க கீறலே இல்ல."

"பூச்சி? தண்ணி? ஐஸ்?"

அவர் சிரித்துவிட்டார். "எதுவும் இல்லங்க. சளி பிடிச்சிருந்ததா? அதான் ஆரம்பம். மூக்குக்குப் பின்னாடியிருந்து காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகுது. சளியில அது அடைச்சுக்கும். வைரஸோ பாக்டீரியாவோ அங்க குடியேறிடும். காதுல சீழ் வைக்குமே, பெரும்பாலும் அதே கிருமிங்கதான். முன்னெல்லாம் இந்தக் கொப்புளத்துக்குன்னே தனியா ஒரு கிருமி இருக்குன்னு நெனச்சாங்க. அப்புறம் தேடிப் பார்த்தா, அது அபூர்வமாத்தான் கிடைச்சுது. உங்களுக்கு எந்தக் கிருமின்னு பார்த்த உடனே என்னால சொல்ல முடியாது. மாத்திரை தர்றேன். எண்ணெய் மட்டும் ஊத்திடாதீங்க."

எண்ணெய்க் கிண்ணத்தை விரட்டியதற்காக என் முதுகை நானே தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"காது மந்தமா கேக்குதாம்மா?"

"இல்ல டாக்டரம்மா. மூக்கடைப்புல கொஞ்சம் கும்முன்னு இருக்கு. மத்தபடி நல்லாத்தான் கேக்குது. என் பொழைப்பே காதுதான்," என்றாள் என் மனைவி, கொஞ்சம் பெருமையோடு.

டாக்டர் மேஜையிலிருந்து இசைக்கவையை எடுத்தார். பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள், இரண்டு கால் உள்ள உலோகம். அதை முழங்கையில் தட்டி அவள் வலது காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். இவள் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். முகம் சுளித்தது.

"டாக்டரம்மா, தப்பா நெனைக்காதீங்க. இது விரிஞ்சிருக்கு."

"எது?"

"உங்க கையில இருக்கறதுதான். உள்ள விரிசல். டொக்குன்னு கேக்குது பாருங்க. கொடுத்துட்டு வேற மாத்திக்கோங்க."

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புதுசும்மா இது." இடது காதில் வைத்தார். "இதுல?"

"கொஞ்சம் தேவலாம். ஆனாலும் சுத்தமா இல்ல."

டாக்டர் மறுபடி தட்டி, என் காதுப் பக்கம் நீட்டினார். கணீரென்று, கோயில் மணி ஓய்கிற மாதிரி நீளமாகக் கேட்டது. ஒரு பிசிறு இல்லை.

"எனக்கு நல்லாத்தானே கேக்குது," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்த அறையில் ஓடிய மின்விசிறிச் சத்தம் அவளுக்குக் கேட்டதோ என்னவோ, எனக்குக் கேட்டது.

"ஏங்க," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "அப்ப தம்பியோட பேசின்?"

அடுத்த நொடி அவள் வாசலில் இருந்தாள். "மாத்திரைச் சீட்டை வாங்கிட்டுப் போங்க!" என்று டாக்டர் கூப்பிட, நான் திரும்பி ஓடிச் சீட்டை வாங்கிக்கொண்டு, மறுபடி ஓடி வந்தால், அவள் ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து, "இன்னும் என்ன பண்றீங்க?" என்கிறாள்.

பின்முற்றத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம். யார் கை பட்ட பேசினோ அவரே முதல் அடி அடிக்க வேண்டும். செய்த தவறு கையில் உறைக்கட்டும் என்று யாரோ புண்ணியவான் எப்போதோ ஆரம்பித்துவைத்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மச்சினன் சம்மட்டியோடு நின்றுகொண்டிருந்தான். காலடியில் ஒரு பேசின் நொறுங்கிக் கிடந்தது. அவன் கண் சிவந்திருந்தது. அடுத்ததற்குச் சம்மட்டியை ஓங்கிவிட்டான்.

"நிறுத்துடா!"

அந்தக் குரலுக்குச் சம்மட்டி அந்தரத்தில் நின்றது. இவள் நேராகப் போய்ப் பேசின்களுக்கு முன்னால் நின்றுகொண்டாள். மூச்சு வாங்கியது.

"சார், பேசின் நல்லா இருக்கு. என் காதுதான் சரியில்ல. காதுல கொப்புளம். டாக்டர் காட்டினாங்க. நல்ல சத்தமே எனக்கு டொக்குன்னுதான் கேக்குது. தப்பு என்னுது, அவன் மேல இல்ல."

இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து "தப்பு என்னுது" என்று கேட்டவர் யாருமில்லை, கட்டிய புருஷன் உட்பட.

மேனேஜர் மெல்லச் சொன்னார்: "அக்கா, தம்பிக்காகப் பேசறீங்களா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. காதுவலியில்கூட அவள் அப்படித் துடித்து நான் பார்த்ததில்லை. தம்பி என்று பார்க்கக் கூடாது என்பதற்காகத்தானே இத்தனையும் நடந்தது!

"என்னை நம்ப வேணாம் சார்," என்றாள் நிதானமாக. "மையைத் தேய்ச்சுப் பாருங்க. விரிசல் இருந்தா மை உள்ள இறங்கிக் கோடு காட்டும். நேரம் பிடிக்கும்னுதானே நாம அதைச் செய்யறதில்ல. இன்னைக்குச் செய்வோம்."

"ஆமா சார்," என்றான் மச்சினன் அப்போதுதான். "விரிஞ்சது ஒரே அடியில போயிடும். இது மூணு அடிக்கு அசையவே இல்ல. நாலாவது அடியிலதான் போச்சு. எனக்கு அப்பவே சந்தேகம்."

மை வந்தது. துணி வந்தது. மேனேஜர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். எல்லோரும் உட்கார்ந்து தேய்த்தோம், துடைத்தோம். கை, முழங்கை, மூக்கு நுனி எல்லாம் நீலம். இரண்டே இரண்டு பேசினில் மயிரிழை மாதிரி நீலக்கோடு நின்றது. மற்றதெல்லாம் பால் வெள்ளை. நொறுங்கிக் கிடந்த துண்டுகளிலும் ஒரு கோடு இல்லை.

"பழைய தலையே இப்படிச் சுட்டதில்லப்பா," என்றார் மேனேஜர். "திங்கக்கிழமையிலிருந்து சூளை உன் பொறுப்பு."

அவள் தம்பியிடம் போனாள். "ஏன்டா, நான் சரியாத்தான் சுட்டேன்னு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசக் கூடாதா?"

"பேசணும்னுதான் இருந்தேன்," என்றான் அவன். "ஆனா தட்டினது நீயாச்சே அக்கா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானே என்னைச் சந்தேகப்பட்டுட்டேன்."

அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. மை பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அழுது ஓய்ந்ததும் கிளேஸ் அடிக்கிறவர் ஆரம்பித்தார்: "அதெல்லாம் சரி. அக்கா காதுல கொப்புளம் வந்ததுக்குக் காரணம் என்ன?"

"சளி," என்றேன் நான், டாக்டரே ஆகிவிட்ட தோரணையில். "யார்கிட்டயிருந்தோ தொத்தின சளி."

சொல்லி வாய் மூடவில்லை, என் மச்சினன் ஒரு தும்மல் போட்டான் பாருங்கள்! முற்றத்தில் இருந்த அத்தனை தலையும் அவன் பக்கம் திரும்பியது. எனக்கு அந்த ஒற்றை டீ டம்ளர் ஞாபகம் வந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் நேரில் பார்த்தது அன்றுதான். பாவி, லீவு போட்டிருந்தால் இத்தனையும் உண்டா?

"மாமா, சும்மா இருங்க," என்றான் அவன், மூக்கைத் துடைத்துக்கொண்டு. சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது.

மறுநாள் கொப்புளம் உடைந்து தலையணையில் கொஞ்சம் நீர் கசிந்திருந்தது. வலி பாதியாகக் குறைந்தது. மாத்திரையை ஒழுங்காக முடித்தாள். மந்தம் மட்டும் விடவில்லை. சில வாரம் பொறுங்கள் என்றார் டாக்டர். அதுவரை அவளை என் பேக்கிங் பிரிவில் உட்காரவைத்தார்கள். டேப் கோணல், அட்டை மடிப்பு தப்பு, பெட்டி தலைகீழ் என்று அவள் கண்டுபிடித்த குறைகளைக் கேட்டு, அந்தக் காது சீக்கிரம் குணமாக வேண்டும் என்று பேக்கிங் பிரிவே வேண்டிக்கொண்டது.

நடுவில் மச்சினன் தலைவனாக இன்னொரு சூளை சுட்டான். மை தேய்த்துப் பார்த்து அனுப்பிவிடலாம் என்றார் மேனேஜர். அவன் மாட்டேன் என்றான். "அந்தச் சூளைப் பேசின் மட்டும் கொட்டகையில இருக்கட்டும் சார். அக்கா தட்டாம அது வெளிய போகாது."

அதைக் கேட்டு அவள் சந்தோஷப்பட்டாள் என்று நினைக்கிறீர்களா? பயந்துவிட்டாள். வீட்டில் பானையைத் தட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாள். தர்பூசணியைக் கடைக்காரர் கொடுத்தபடி வாங்கிவந்தாள். அது வெளுப்பாக இருந்தது. சர்க்கரை தூவிச் சாப்பிட்டோம்.

டாக்டர் திரையில் காட்டி, "சவ்வு சுத்தமாயிடுச்சு" என்று சொன்ன மறுநாள் அவள் கொட்டகைக்குப் போனாள். பழைய முக்காலி. பழைய சுத்தியல். கூட்டமும் அதே கூட்டம். கண்ணை மூடி, வலது காதைச் சாய்த்து, ஒரு தட்டு.

"டிங்."

எனக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்டதா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது என்று தட்டிக்கொண்டே போனாள். குறி எதுவும் விழவில்லை. கூட்டம் மெல்லக் கலைய ஆரம்பித்தது. ஓர் இடத்தில் அவள் நின்றாள். மறுபடி தட்டினாள். இன்னொரு தரம். எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான். அவள் கண்ணைத் திறந்து தம்பியைப் பார்த்தாள். சாக்குக்கட்டியை எடுத்துக் குறி போட்டாள்.

மச்சினன் பேசினைத் தூக்கி முற்றத்துக்குக் கொண்டுபோனான். மை வரும்வரை காத்திருக்கவில்லை. சம்மட்டியை எடுத்தான். ஓங்கி ஒரு அடி.

ஒரே அடிதான். பேசின் இரண்டாகப் பிளந்து விழுந்தது.

தன் கையால் சுட்ட பேசின் உடைந்ததற்கு ஒரு சூளைக்காரன் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. சம்மட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "அக்காவுக்குக் காது வந்துடுச்சு! காது வந்துடுச்சுடா!" என்று தொழிற்சாலையே அதிரக் கத்தினான்.

அவள் வலது காதைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"ஏன்டா இப்படிக் கத்தற? நல்லாத்தான் கேக்குது."